சின்னபொண்ணின் மேற்குச் சரிவு

ஆரணியில் பட்டுப் புடவையைப் பற்றிக் கேட்டால் ஊரே வாய் திறக்கும். கள்ளைப் பற்றிக் கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவனைக் கை காட்டுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆரணியை ஒட்டின முள்ளிப்பட்டில் தறி போட்டவன் நான், பெயர் லோகநாதன், கள் குடித்தவன். அரசாங்கமே திறந்துவிட்ட கடையில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கக் குடித்தேன். இதற்கு மூஞ்சியைச் சுளிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்குச் சின்னபொண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

அவள் எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைவாள். அவ்வளவு உயரம். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்து வைத்திருக்கலாம். தேவிகாபுரத்துப் பக்கம் கூலிக்காரக் குடும்பம், ஒரு பிடி மண் கிடையாது. கட்டிக்கொடுத்த இடம் கண்ணமங்கலத்துப் பக்கம், ஒரு மலையடி. மலை என்று நான் சொன்னால் ஜவ்வாது மலைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த மலையின் மேற்குச் சரிவில் கொஞ்சம் பனைமரங்கள் இருந்தன. அவள் புருஷன் காத்தவராயன் அதில் ஏறிக் கள் இறக்குவான். நிலம் கந்தசாமி என்ற கண்ணமங்கலத்துக்காரருடையது. சரிவு முழுக்கச் சரளைக் கல், கால் வைத்தால் வழுக்கும், மரங்களும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும். வேறு யாரும் ஏறத் துணியாததால் அந்த மரங்கள் காத்தவராயனுக்குக் கிடைத்தன.

காத்தவராயன் மரத்தின் மேல் இருக்கும்போது பாட்டுப் பாடுவான். தரையில் இறங்கிவிட்டால் வாயில் பூட்டு. வீட்டுக்கு வேண்டிய பேச்சு எல்லாவற்றையும் சின்னபொண்ணுதான் பேசினாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கடை திறந்தபோது அவள் புதுப்பெண்ணாகக் கலயம் தூக்கிக்கொண்டு ஆரணிக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச வருஷத்தில் கடையை மூடிவிட்டார்கள். பனையில் கலயம் கட்டினாலே போலீஸ் வரும் என்ற நிலைமை. காத்தவராயன் கிணறு வெட்டப் போனான், அவள் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்கப் போனாள். மரங்கள் சும்மா நின்றன. எண்பத்தொன்றில் மறுபடி கடை திறந்தார்கள். திறந்த முதல் வாரமே முதல் பஸ்ஸின் கூரையில் அவளுடைய கலயங்கள் வந்து இறங்கின. நுரை வழிந்து பஸ் நாறுகிறது என்று கண்டக்டர் தினமும் சண்டை போடுவார், அவளும் தினமும் சளைக்காமல் பதில் சொல்வாள். சண்டை முடிவதற்குள் ஆரணி வந்துவிடும்.

அந்தக் கள்ளைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும், இல்லையென்றால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

எங்கள் பக்கத்துக் கள்ளெல்லாம் ஏரிக்கரைப் பனையின் கள். ஏரிப் பனை கொழுத்த மரம். காலடியில் தண்ணீர், கலயம் வழிய வழியக் கொடுக்கும். ஆனால் தண்ணியாக இருக்கும், கோடையில் நாக்கில் லேசாக உப்புக் கரிக்கும், வெயில் ஏறியதும் புளித்துவிடும். மலைச்சரிவில் கதை வேறு. பெய்கிற மழை நிற்காமல் ஓடிவிடும். வேர் பாறை இடுக்கில் தேடித் தேடித்தான் குடிக்க வேண்டும். அதனால் கொஞ்சமாகத்தான் சுரக்கும், சுரப்பது கெட்டியாக இருக்கும். சரிவு மேற்கே பார்த்தது, அதனால் காலை வெயிலை மலையே மறைத்துக்கொள்ளும். ஊரில் வியர்த்துக் கொட்டுகிற நேரத்திலும் அந்தக் கலயங்கள் நிழலில் குளிர்ந்து தொங்கும். இரவெல்லாம் மலை இடுக்கிலிருந்து ஒரு காற்று வேறு. அந்தக் கள் அவசரப்பட்டுப் பொங்காது, மதியம் வரை இனிப்பு குறையாது.

அந்த ஒரு சரிவுக்குள்ளேயே மூன்று ருசி உண்டு. அடிவாரத்து மரங்களில் மண் கொஞ்சம் இருக்கிறது, கள் தாராளமாக வரும், இனிப்பு முன்னால் வந்து சீக்கிரம் போய்விடும். நடுச்சரிவு நின்று நிதானமாக இருக்கும். உச்சி மரங்கள் வெறும் பாறையில் நிற்பவை. அந்தக் கள்ளை வாயில் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. விழுங்கின பிறகு எலுமிச்சைத் தோலைக் கிள்ளின வாசனை தொண்டையிலிருந்து ஏறும். சின்னபொண்ணு மூன்றையும் மூன்று கலயமாகத்தான் கொண்டுவருவாள், ஒன்றோடொன்று கலக்க விடமாட்டாள். குடிப்பதற்கு இவ்வளவு ராஜமரியாதையா என்று கேட்பவர்கள் சாராயம் குடித்துப் பழகியவர்களாக இருப்பார்கள்.

கடையை ஏலம் எடுத்தவர் அருணகிரி. எங்கள் நெசவுக்காரர்களில் பெரிய கை, பாதி முள்ளிப்பட்டுக்கு அவர்தான் பட்டு நூல் கொடுத்து வேலை கொடுப்பார். கழுத்தில் துளசி மாலை. கள் மட்டுமில்லை, காபி கூடத் தொடமாட்டார். கள் வாடையே தெரியாத மனிதர் கள்ளுக்கடை எடுத்தால் என்ன ஆகும்? கடை நடுவில் ஒரு பெரிய மரப் பீப்பாய் வைத்தார். எந்த ஊரிலிருந்து எந்த மரத்துக் கள் வந்தாலும் அதில்தான் ஊற்ற வேண்டும்.

முதல் நாளே சின்னபொண்ணு ஊற்ற மறுத்தாள்.

"இது மலைக்கள்ளுங்க மொதலாளி. இத ஏரித் தண்ணில ஊத்தமாட்டேன். தனியா வெச்சு வித்துக்குங்க."

"கள்ளுல இன்னாம்மா மலைக்கள்ளு, ஏரிக்கள்ளு? எல்லாம் பனையில இருந்துதானே வருது. ஜல்தியா ஊத்திட்டு போ."

"எல்லா நூலும் புழுவில இருந்துதான் வருது. நீங்க ஏன் தொட்டுத் தொட்டுப் பாத்து தனித்தனியா கட்டி வெக்கிறீங்க?"

அங்கே இருந்த நெசவுக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். அருணகிரி இரண்டு விரலால் நூலை உருட்டிப் பார்த்தே எது எந்தப் பட்டு என்று சொல்பவர். சரி, ஓரமாக வைத்துக்கொள் என்றார். அந்தப் பருவம் முழுக்க ஓரத்தில் மூன்று கலயம், அவற்றைச் சுற்றி நாங்கள். கடைக்குள் நுழையும்போதே உச்சி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நுழைவோம். அவளும் முறை தவறமாட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கலயம் கொண்டுவந்தவர் முதல் குடிகாரன் கண்ணெதிரில் அந்தக் கலயத்திலிருந்து முதல் வாயைத் தானே குடித்துக் காட்ட வேண்டும். உள்ளே வண்டு கிடக்கலாம், பல்லி கிடக்கலாம், எவனாவது எதையாவது போட்டிருக்கலாம். இதற்கு முதல் வாய் என்று பெயர். மூன்று கலயத்துக்கும் மூன்று முதல் வாய் குடித்துவிட்டு, உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, இப்போ வாங்க என்பாள்.

மறு வருஷம் தை பிறந்து நாங்கள் போனால் கடை வாசலில் ஒரு போர்டு தொங்குகிறது. பச்சை எழுத்தில் 'மலைக்கள்' என்று எழுதியிருக்கிறது. ஓரத்துக் கலயங்களைக் காணோம். அருணகிரி வியாபாரி, எல்லோரும் எதைக் கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறார். மலைக்கள் கேட்டால் மலைக்கள் என்று எழுதிவிட்டால் போயிற்று. அவளுடைய கலயங்களை வாங்கிய கையோடு கடை ஆட்கள் பீப்பாயில் கவிழ்த்துவிட்டார்கள். ஏரிக்கள் ஒரு குளம், அதில் மலைக்கள் ஒரு கை. மொத்தக் குளத்துக்கும் மலையின் பெயர்.

பங்குனி வெயிலில் அந்தப் பீப்பாய் காலையிலேயே புளித்து நாறியது. பச்சையப்பன் என்று ஒரு நெசவுக்காரன், நாக்கு நீளமானவன், ஒரு வாய் குடித்துவிட்டுச் சின்னபொண்ணின் காலடியில் துப்பினான்.

"இதான் உன் மலையா? இதுக்குத்தான் அவ்ளோ பேச்சா?"

எனக்கு அவனை அறையத் தோன்றியது. அவள் ஒன்றும் சொல்லாமல் துப்பின இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் மூடி நின்று நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. மலைக்கள் மட்டம் என்ற பேச்சு பஸ் ஏறிக் கண்ணமங்கலத்துக்குப் போய்விட்டது. கந்தசாமி அவளைக் கூப்பிட்டார். "ஏரிப்பனை ஊத்துறதுல பாதி கூட உன் மரம் ஊத்தல. ருசியாவது இருக்குதுன்னு விட்டு வெச்சேன். இப்ப அதுவும் இல்லன்னு ஊரே சொல்லுது. செங்கல் சூளைக்காரன் கேட்டுகினு கீறான். வெட்டிக் குடுத்துடறேன்." வெட்டின பனைக்குப் பதில் புதுசு முளைத்துப் பாளை விடுவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். சூளைக்குப் போனால் அந்தச் சரிவு அதோடு மொட்டை, அவர்கள் இருவரும் திரும்பவும் மல்லாட்டைக் காட்டுக்குத்தான்.

மறுநாள் காலை அவள் கடைக்கு வந்து, கலயத்தை இறக்கிவைத்து, அதன் வாயைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். கடை ஆட்கள் நெருங்க முடியவில்லை. அருணகிரியே எழுந்து வந்தார்.

"மலைக்கள்ளுன்னு போர்டு போட்டது நீங்கதானே மொதலாளி?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"விக்கிறவங்க மொத வாய் குடிக்கணும். இத்தினி வருஷமா என் கலயத்துக்கு நான் குடிச்சேன். இந்தப் பீப்பாய் உங்களுது. குடிங்க. குடிச்சிட்டு இது மலைக்கள்ளுதான்னு சொல்லுங்க. நான் வாய மூடிகினு ஊத்திட்டுப் போறேன்."

அருணகிரியின் கை தானாகத் துளசி மாலைக்குப் போனது. அவரால் குடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் கேட்டது நியாயம். முதல் வாய் குடிக்காத கள்ளை நாங்கள் இவ்வளவு நாள் குடித்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எங்கள் மரமண்டையில் உறைத்தது.

"காலங்காத்தால பேஜார் பண்ணாத. நாளையில இருந்து உன் கலயம் என் கடைக்கு வேணாம். எங்க விக்கிறயோ வித்துக்கோ," என்றார். வேறு எங்கும் விற்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். கள் கடையில்தான் விற்க வேண்டும், கடை அவருடையது.

அவள் கலயத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "போர்ட கழட்டாம உட மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று வீட்டுக்குப் போய் எல்லாக் கலயத்தின் உட்புறமும் சுண்ணாம்பு பூசினாள். சுண்ணாம்பு பூசின கலயத்தில் விழும் பாளைச்சாறு புளிக்காது, போதை ஏறாது, அது பதநீர். சின்னக் குழந்தைக்குக் கூடக் கொடுக்கலாம். அதற்கு ஏலம் எடுத்த கடை தேவையில்லை. காத்தவராயன் அதைப் பார்த்ததும் தரையில் நின்றபடியே வாய் திறந்துவிட்டான், அவளே என்னிடம் சொன்னாள்.

"சுண்ணாம்பு அடிச்சா எவன்டி வருவான்?"

"எவனும் வரவேணாம். எவளாவது வருவா."

மறுநாள் அருணகிரியின் கடைக்கு நேர் எதிரே, புங்கமரத்தடியில், அந்த மலைக்கள் போர்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். எங்களுக்கு வயிறு எரிந்தது. மலைக்கள் குடிக்க வந்த இடத்தில் பதநீரா? பச்சையப்பன், "பால்வாடி தொறந்துட்டாங்கடா," என்று கிண்டல் பண்ணினான். அவள் கண்டுகொள்ளவில்லை. பனை ஓலையைக் குடிக்கிற பட்டையாக மடித்து, பதநீர் ஊற்றி, முதல் வாய் குடித்து, இப்போ வாங்க என்றாள். கள்ளுக்கடை இருக்கும் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். தறியில் உட்கார்ந்து உடம்புச் சூடு ஏறினவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், ஜரிகை சுற்றுகிற பெண்பிள்ளைகள். அடியா நடுவா உச்சியா என்று அவர்களுக்கும் கேட்கத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் வெள்ளிச் சொம்பு ஒன்று வந்தது. அருணகிரியின் வீட்டுக்காரம்மா கற்பகம் வேலைக்காரியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு தினமும் அந்தச் சொம்பு அருணகிரியின் கடை வாசல் வழியாகத்தான் போனது. அவர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருப்பார். எங்களுக்கு அதைப் பார்ப்பதே ஒரு போதை.

ஆனால் கந்தசாமிக்குப் பெண்பிள்ளைகளின் சொம்பு கணக்கில் வரவில்லை. கடையே வேண்டாம் என்று தள்ளின மரம் என்றுதான் அவர் காதில் விழுந்திருந்தது. சித்திரையில் ஒரு நாள் விடிந்ததும் கோடாலிக்காரர்களை அனுப்பிவிட்டார். காத்தவராயன் அப்போது ஒரு மரத்தின் மேல் பாடிக்கொண்டிருந்தான்.

"எறங்காத," என்று கீழிருந்து சின்னபொண்ணு கத்தினாள். கோடாலிக்காரர்களிடம், "வெட்டறதுன்னா வெட்டுங்க. ஆளோட சேத்து வெட்டுங்க," என்றாள்.

அவர்கள் பக்கத்து மரத்துக்குப் போனார்கள். காத்தவராயன் சரசரவென்று இறங்கி அந்த மரத்தில் ஏறிக்கொண்டான். அடுத்த மரம் போனார்கள். அவன் அதிலும் ஏறினான். சரளையில் வழுக்கி வழுக்கி மேலே ஏறிய கோடாலிக்காரர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் சின்னபொண்ணுதான் பதநீர் ஊற்றினாள், உச்சி மரத்துப் பதநீர். அதைக் குடித்துவிட்டு ஒருவன், "இத்த போயா சூளைக்குப் போடச் சொன்னாரு?" என்றானாம். கோடாலியோடு திரும்பிப் போய்விட்டார்கள்.

இன்னொரு தடவை வராமலா இருப்பார்கள்? அவளுக்கும் அது தெரியும். அதனால் நேரே கந்தசாமி வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

"வெள்ளிக்கெழம ஆரணிக்கு வாங்க. மலைக்கள்ளு மட்டம்னு கெளப்பிவிட்ட போர்டுக்காரரையே கேளுங்க. அவரே மட்டம்னு சொன்னா நானே கோடாலி எடுத்துத் தரேன்."

இதை அவள் ஆரணிக்கு வந்து சொன்னபோது, கெட்டாள் என்றுதான் நினைத்தேன். அருணகிரி வாயிலிருந்து அவள் மலைக்கு நல்ல வார்த்தை எப்படி வரும்?

வெள்ளிக்கிழமை கந்தசாமி வந்தார். புங்கமரத்தடியில் பெண்கள் கூட்டம், எதிரே கடை வாசலில் நாங்கள். சின்னபொண்ணு இரண்டு ஓலைப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். ஒன்றில் ஏரிப்பனைப் பதநீர், தெரிந்த மரமேறி ஒருவனிடம் சொல்லிச் சுண்ணாம்பு பூசின கலயத்தில் பிடித்தது. மற்றதில் அவள் மலை. இரண்டிலும் முதல் வாய் அவளே குடித்தாள்.

"இது கள்ளு இல்லீங்க மொதலாளி. உங்க வீட்ல தெனமும் குடிக்கிறதுதான். உங்க மாலைக்கு ஒண்ணும் ஆவாது."

அருணகிரி எதிர்ப்பக்கம் பார்த்தார். கூட்டத்தில் கற்பகம் நின்றிருந்தார், கையில் அந்தச் சொம்பு. மறுக்க வழியில்லை. முதல் பட்டையைக் குடித்தார். முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதைக் குடித்தார். விழுங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலையும் தேய்த்துக்கொண்டார், நூல் பார்க்கும்போது தேய்ப்பாரே, அப்படி. பட்டையில் மிச்சமிருந்ததையும் குடித்தார். அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவோ கோபம் இருந்தது. ஆனால் தெரிந்ததைத் தெரியாத மாதிரி நடிக்கிற ஆள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றார் மெல்ல.

"அவருக்குக் கேக்கல." கந்தசாமியைக் காட்டினாள்.

"ரெண்டும் வேற. இது ஒசத்தி. என் பீப்பாய்ல இருக்கறது இது இல்ல."

கந்தசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு பட்டை கொடு என்று அவளிடம் கேட்டார். குடித்துவிட்டு, சூளைக்காரனுக்கு வேறு மரம் பார்த்துத் தருகிறேன் என்றார். காத்தவராயன் புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். தரையில் நின்று அவன் பாடியதை நான் அன்றுதான் கேட்டேன், அதுவும் இரண்டு வரி.

அருணகிரியே ஸ்டூல் போட்டு ஏறிப் போர்டைக் கழற்றினார். இறங்கி வந்து, "தனியா பீப்பாய் வெக்கிறேன், சின்னபொண்ணு. சுண்ணாம்பு போடாம எடுத்துகினு வா. மொத வாய் நீயே குடி," என்றார்.

நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம். என் நாக்கில் எலுமிச்சைத் தோல் வாசனையே வந்துவிட்டது.

"ஏன் மொதலாளி, ஒரு தபா உங்க பீப்பாய்ல உழுந்து எழுந்தது போதாதா? என் மலை இனிமே பொம்பளைங்க சொம்புலதான் ஏறும்."

ஜெயித்தவள் அவள், தோற்றது குடிகாரர்களாகிய நாங்கள். அவளைத் திட்டாத நாளில்லை. திட்டிக்கொண்டே போய்ப் பதநீர் குடித்தோம்.

எண்பத்தேழு பிறந்தபோது கள்ளுக்கடைகளை மறுபடி மூடிவிட்டார்கள். ஏரிக்கரைப் பனைகள் வேலையற்று நின்றன. நின்ற மரங்களை ஒவ்வொன்றாகச் சூளைக்காரர்கள் கொண்டுபோனார்கள், கரை மொட்டையானது. மேற்குச் சரிவை யாரும் தொடவில்லை. அங்கேயும் போலீஸ் வந்து கலயத்தை முகர்ந்து பார்த்தது. அவள் முதல் வாய் குடித்துவிட்டு நீட்டினாள், அவர்களும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருஷம் மாசியில் நான் வெட்கத்தை விட்டு மலையடிக்கே போனேன்.

"சின்னபொண்ணு, ஒரே ஒரு கலயம். சுண்ணாம்பு இல்லாம. உச்சி மரத்துல. யாருக்கும் தெரியாது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மேலிருந்துதான் பார்க்க முடியும், அவ்வளவு உயரம்.

"ஊரறியப் பேர் வாங்கின மரம்ணே. அத்த திருட்டுத்தனமா எறக்கச் சொல்றியா?"

ஓலைப் பட்டையை மடித்துப் பதநீர் ஊற்றி, முதல் வாய் குடித்து, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள். குடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கின பிறகு தெரிந்தது.

"உச்சி மரம்தானே?" என்றேன்.

"தெரியுதில்ல," என்றாள். "வாய மூடிகினு குடி."